பெயர் இல்லாத போர்க் கற்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மவுண்ட் பூந்தமல்லி சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஏதோ பூங்கா என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று 1952-இல் இந்த இடத்தை அமைத்து, இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அதிகாரி, சிப்பாய் என்று கல்லில் பெரிசு சிறிசு கிடையாது. வயதுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்த மகள் பாதி வரிசையில் நிறுத்திவிட்டாள். பின்பக்கம் முதல் உலகப் போர் நினைவுச்சின்னத்தில் இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

எனக்கு எங்கள் ஊர்க் கல் ஞாபகம் வந்துவிட்டது. சாவடிச் சுவரில் பதித்த சின்னக் கல். இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது. தமிழ்நாட்டில் இந்தக் கல் உள்ள ஊர்கள் பல. எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு அடித்து எழுத்தே மறைந்துவிட்டது.

அந்த முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படை மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், சண்டை போட்டது. அந்தப் போர்முனைக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. இதுபோன்ற பாகுபாடுகளுக்காக, இந்தக் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்பே கேட்டது.

சரி, மன்னிப்பு வந்துவிட்டது, ஊரில் என்ன செய்தோம்? ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். பல சிப்பாய்களுக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா வரைக்கும் போட்டிருக்கிறது. ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் உள்ளூர்க்காரர் படித்தால்தான் எந்த ஊர் என்றே பிடிபடும். அதனால் இது சென்னையில் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை. ஊராட்சி மன்றங்களும் பள்ளி ஆசிரியர்களும் ஊரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரும் சேர்ந்து அந்தப் பெயர்களைத் தேடி எடுத்து, கல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். அப்புறம் ஒன்று, சுண்ணாம்பை எடுக்கிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

வீட்டில் தாத்தாவின் பதக்கமோ பழைய பென்ஷன் காகிதமோ வைத்திருப்பவர்கள் ஊர்ப் பள்ளியில் காட்டுங்கள். எங்கள் ஊருக்கு நானும் மகளும் தேட ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு வாசகர்,
ராமாபுரம், சென்னை