பாலியில் ஜீப்பா, ஏ.டி.வி.யா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

அரையாண்டு விடுமுறைக்குப் பாலித் தீவுக்குப் புறப்படவிருக்கும் குடும்பங்களிடமிருந்து கடந்த சில வாரங்களாக ஒரே கேள்வி எங்கள் திருச்சி அலுவலகத்துக்கு வந்தவண்ணம் இருக்கிறது. பாத்தூர் எரிமலை இருக்கும் கிந்தாமணி மலைப்பகுதியில் ஜீப் பயணத்துக்குப் பதிவு செய்வதா, உபுட் நகரின் பக்கம் ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர பைக் பயணத்துக்குப் பதிவு செய்வதா என்பதே அது. இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது என்பதாலும், அப்படிச் சொல்லிச் சென்ற ஆண்டு நாங்களே ஒரு தவறு செய்தோம் என்பதாலும், எழுத்தில் விளக்கிவிடுவது முறை என்று கருதுகிறோம்.

அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம், கோலாலம்பூர் வழியாகச் சென்று இரவு பத்து மணிக்கு மேல் உபுட் விடுதியை அடைந்தது. நான்கு நாள் பயணத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், மறுநாள் விடியற்காலை ஜீப்பையும் அன்று பிற்பகலே ஏ.டி.வி.யையும் நாங்கள் பதிவு செய்து கொடுத்திருந்தோம். உபுட்டில் ஜீப் பயணத்துக்கு விடுதியிலிருந்து அழைத்துச் செல்லும் நேரம் ஏறத்தாழ அதிகாலை மூன்று மணி. பாலியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. ஆகவே அந்த மூன்று மணி நம் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மலைப்பாதை வளைவுகளில் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சூரியன் எழும் நேரத்தில் பாதிப் பேர் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில், இருவர் சேர்ந்து ஏறும் ஏ.டி.வி.யில் மருமகன் ஓட்ட, அறுபத்தாறு வயது மாமனார் பின்னால் அமர்ந்தார். மீதி இரண்டு நாளும் அவர் விடுதிக் கட்டிலில் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார். வண்டிகளை நடத்தியவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அட்டவணை போட்டது நாங்கள்.

அதனால் இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுதான்: எந்தப் பயணம் சிறந்தது என்று பார்ப்பதற்கு முன், குழுவில் யாருடைய உடம்பு மிகவும் இடம் கொடுக்காது என்பதைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறோம்.

ஏ.டி.வி. பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். உபுட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயல் வரப்பை ஒட்டியும், மூங்கில் தோப்புக்குள்ளும், ஓடைகளின் குறுக்கேயும், செயற்கையாக அமைத்த குகைகளின் ஊடாகவும் செல்லும் பாதைகள் இவை. வண்டியில் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரை. கொரில்லா முகம் போன்ற வாயுள்ள குகையின் படத்தை அனுப்பி, "இது வேண்டும்" என்று கேட்பவர்கள் ஏராளம். அந்தக் குகையைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. மற்ற நேரமெல்லாம் சேறு. சேறு பிடித்தவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சியான பிற்பகல் பாலியில் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இருபது வருடமாக பைக் ஓட்டுகிறேன், எனக்கு இது ஒரு விஷயமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. உண்மையில் அந்தப் பழக்கமே இங்கே எதிரி. பைக்கில் ஆக்சிலரேட்டர் கைப்பிடியை முறுக்குவதில் இருக்கிறது, ஏ.டி.வி.யில் அது வலது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறு நெம்பு. மேடு பள்ளத்தில் பயந்து கைப்பிடியை இறுகப் பற்றும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுந்த, நிற்க வேண்டிய இடத்தில் வண்டி பாய்கிறது. பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டிருப்பதால், காரில் நடப்பதுபோல் திருப்பத்தில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுழல்வதில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே முயலும். உடம்பின் எடையைத் திருப்பத்தின் உட்பக்கம் சாய்த்து, தோளிலிருந்து பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, காலை ஊன்றும் பழக்கம். வண்டி சாய்வது போல் தோன்றியதும் பைக்காரருக்குக் கால் தானாகத் தரையைத் தேடும். ஏ.டி.வி.யில் அப்படி ஊன்றிய கால் மீது பின்சக்கரம் ஏறிவிடும். இம்மடலை எழுதும் நானே முதல் முறை சென்றபோது, ஓடைக்கரையில் இடது காலை ஊன்றப் போனேன். முன்னால் போன வழிகாட்டி இளைஞர் வண்டியை நிறுத்தி, "காக்கி! காக்கி!" என்று உரக்கக் கத்தினார். போலீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்நாட்டு மொழியில் காக்கி என்றால் கால் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதத்தைப் பலகையை விட்டு எடுக்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன் பத்து நிமிடப் பயிற்சியில் அவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். நாம்தான் செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆளுக்கொரு வண்டி என்பதும், இருவருக்கு ஒரு வண்டி என்பதும் விலைப்பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். இருவர் வண்டியில் தலைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் பின்னால் அமர்பவருக்குப் பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதே தவிர, வரப்போகும் பள்ளத்தைப் பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்ள வழியில்லை. ஒவ்வொரு குலுக்கலும் நேரே தண்டுவடத்துக்குப் போகும். பின்னால் எடை கூடுவதால் ஏற்றத்தில் முன்சக்கரமும் லேசாகிறது. பள்ளி வயதுப் பிள்ளையைப் பெற்றோர் ஏற்றிச் செல்வது ஒரு வகை. எண்பது கிலோ எடையுள்ள இருவர் ஒரே வண்டியில் ஏறுவது வேறு வகை. இரண்டாவதை நாங்கள் இனிப் பதிவு செய்வதாக இல்லை. இடுப்பு, கழுத்து வலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள் எந்த இருக்கையிலும் ஏறக் கூடாது. ஓட்டுவதற்கும் பின்னால் அமர்வதற்குமான குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பிள்ளைகளின் வயதை எங்களிடம் மறைக்காமல் சொல்லவும். துப்பட்டா, புடவை, தொங்கும் சங்கிலி ஆகியவற்றை விடுதியிலேயே விட்டுச் செல்லவும். மாற்று உடை ஒன்று போதாது. உள்ளாடை உட்பட முழுவதும் நனையும்.

ஏ.டி.வி. வேண்டாம், ஆனால் ஓட்டிப் பார்க்க ஆசை என்பவர்களுக்கு பக்கி என்ற வண்டி உண்டு. ஸ்டியரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு எல்லாம் இருப்பதால் கார் ஓட்டியவர்களுக்கு அது இணக்கமானது. கையைக் கூண்டுக்கு வெளியே நீட்டாமலிருந்தால் போதும்.

ஜீப் பயணம் முற்றிலும் வேறு. இங்கே நீங்கள் ஓட்டுவதில்லை. உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட, ஒரு வண்டியில் நான்கு பேர் வரை அமர்ந்து செல்வீர்கள். வண்டிகளில் பல, பழைய லேண்ட் குரூசர், ஜிம்னி வகையைச் சேர்ந்தவை. பளபளவென்று வண்ணம் பூசியிருந்தாலும் அடியில் இருப்பது லாரிக்குப் போடுவது போன்ற பட்டை ஸ்பிரிங். குலுக்கல் இதிலும் உண்டு, ஆனால் இருக்கையும் பிடிமானமும் இருப்பதால் பெரியவர்களால் தாங்க முடிகிறது. முன் இருக்கையை மூத்தவருக்கு விட்டுக்கொடுங்கள்.

பாத்தூர் எரிமலையின் உயரம் 1,717 மீட்டர். ஜீப் உச்சிக்குப் போவதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் உச்சி என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டு வருந்தியவர்கள் இருக்கிறார்கள். உச்சிக்கு இருட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்துதான் ஏற வேண்டும். ஜீப் உங்களைக் கொண்டு நிறுத்துவது எரிமலையைச் சூழ்ந்த பெருங்குழியின் பக்கத்திலுள்ள ஒரு மேட்டில். கீழே பாத்தூர் ஏரி, எதிரே ஆபாங் மலை, அதன் பின்னால் ஆகுங். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் லொம்போக் தீவின் ரிஞ்சானி சிகரமும் நிழல் போலத் தெரியும். ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழும்போது அந்த மேட்டில் வரிசையாக நிற்கும் ஜீப்களின் கூரை மீதெல்லாம் ஆட்கள் ஏறியிருப்பார்கள். தனிமையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெப்பமண்டலத் தீவு என்று நம்பிக் கைக்குட்டை கனத்தில் சட்டை அணிந்து செல்வோரும் அங்கே நடுங்குவதுண்டு. ஸ்வெட்டரும் காதை மூடும் துண்டும் அவசியம்.

என் கணக்கில் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி சூரிய உதயம் அல்ல. அதன் பிறகு கருங்குழம்புத் திடலுக்குச் செல்லும் அந்த ஒரு மணி நேரம். 1963-இல் பாத்தூர் கக்கிய குழம்பு உறைந்து கிடக்கும் இடம் அது. உழுத வயலைக் கருங்கல்லில் வார்த்துவைத்தது போலிருக்கும். கையில் எடுக்கும் கல் பாகுபட்ட வெல்லக்கட்டி போல் ஓட்டை ஓட்டையாக, எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும், விளிம்போ பிளேடு போல் வெட்டும். செருப்பில் இறங்க வேண்டாம். அதற்கு முன் 1926-இல் வந்த வெடிப்பு அடிவாரத்திலிருந்த பாத்தூர் கிராமத்தையும் அதன் கோயிலையும் மூடியதால்தான், ஊரும் உலுன் தானு கோயிலும் குழியின் மேல்விளிம்புக்கு இடம் மாறின. திரும்பும் வழியில் அக்கோயிலுக்கும் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே சொன்னால் ஓட்டுநரிடம் பேசி வைக்கிறோம்; இடுப்பில் கட்டச் சாரோங் தேவைப்படும், நம்மவர்கள் நான்கு முழ வேட்டியே எடுத்துச் செல்லலாம்.

பருவத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். பாலியில் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை அதன் நடுவில் விழுகிறது. மேகம் மூடினால் ஜீப் பயணத்தில் சூரியன் தெரியாது. தெரியவில்லை என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. ஏ.டி.வி.க்கோ மழை ஒரு தடையே அல்ல, சேறு கூடினால் கொண்டாட்டமும் கூடும்; ஓடையில் நீர் பெருகினால் மட்டும் பாதையை மாற்றுவார்கள். மே மாத விடுமுறையில் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ்: உதயம் பார்க்க வாய்ப்பு அதிகம், காட்டுப்பாதையில் புழுதியும் அதிகம். ஆக, டிசம்பரில் செல்லும் இளைஞர் குழுவுக்கு ஏ.டி.வி.யையும், மே மாதத்தில் பெரியவர்களோடு செல்லும் குடும்பத்துக்கு ஜீப்பையும் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். டிசம்பரில் பெரியவர்களோடு செல்கிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, திறந்த கூரையுள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டியில் வயல்வெளிக் கிராமச் சாலைகளைச் சுற்றிவருவதை யோசிக்கலாம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு, ஏ.டி.வி. அந்த விலக்குக்குள் வருகிறதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வதை ஏற்க வேண்டாம். வண்டி ஏறும் இடத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது அதில்தான் இருக்கிறது. சேறு படிந்த கையோடு, வரிசையில் நின்றபடி அதைப் படிக்க முடியாது என்பதால், அதன் நகலை முன்கூட்டியே வாங்கி உங்களுக்கு அனுப்பிவைக்கிறோம்.

விலை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. ஜீப்புக்குப் பெரும்பாலும் வண்டிக் கணக்கில் கட்டணம் என்பதால் இருவர் மட்டும் செல்லும்போது தலைக்கு அதிகமாகும். இணையத்தில் மலிவாகத் தெரியும் பலவற்றில் விடுதியிலிருந்து அழைத்துச் செல்வது, நுழைவுக் கட்டணம், குளியலறை, துண்டு, உணவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். தெற்குக் கடற்கரையிலுள்ள குட்டா, செமின்யாக் பக்கம் தங்குகிறவர்கள் ஜீப்புக்கு இரண்டு மணிக்கே புறப்பட வேண்டியிருக்கும்; அப்படிப்பட்டவர்களுக்கு முந்தைய இரவு உபுட்டில் தங்கும்படி அட்டவணையையே மாற்றித் தருகிறோம், அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

இனி எங்கள் வழியாகப் பதிவு செய்யும் எவருக்கும், வந்திறங்கிய மறுநாள் விடியலில் ஜீப் கிடையாது. ஒரே நாளில் இரண்டு பயணங்களும் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் வயது, தோராயமான எடை, முதுகு அல்லது இதயம் சார்ந்த தொந்தரவு, மலைப்பாதையில் வாந்தி வரும் பழக்கம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எடையைக் கேட்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம் என்று அறிவோம். அந்த விவரம் வண்டி ஒதுக்குவதற்கு மட்டுமே பயன்படும். ஏற்கெனவே இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்திருப்பவர்கள் எங்களை அழைத்தால், கூடுதல் கட்டணமின்றித் தேதி மாற்றித் தர அங்குள்ளவர்களிடம் பேசிவிட்டோம். புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னதாகச் சொன்னால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
பயண ஏற்பாட்டுப் பிரிவு,
திருச்சிராப்பள்ளி