ஏழாம் வசனத்தை ஏன் தாண்டுகிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைபிளில் சங்கீதங்கள் என்று வரும் ஜெபப் பாடல்களில் தேவகோபம் பேசுபவற்றைத் துக்க வீட்டிலும் பொது ஆராதனையிலும் வாசிக்காமல் விடுவதே நல்லது, இளையர்கள் மிரண்டுவிடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கவலைப்படவே வேண்டாம். அதுதான் ஏற்கெனவே நடக்கிறதே!

அண்மையில் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்க ஜெபம். மோசேயின் ஜெபம் என்று தலைப்பிட்ட 90ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். காலையில் தழைத்து மாலையில் அறுப்புண்டு உலர்ந்துபோகும் புல் வரைக்கும் வந்த குரல் சட்டென்று நின்றது. அடுத்தது ஏழாம் வசனம். உமது கோபத்தினால் அழிகிறோம் என்பது. அதைத் தாண்டி நேராகப் பன்னிரண்டுக்குப் போய், நாட்களை எண்ணும் அறிவைக் கேட்டுவிட்டு வேதத்தை மூடிவிட்டார்கள். ஆயுசு எழுபது வருஷம், பெலமிருந்தால் எண்பது என்ற வசனமும் அதோடு போயிற்று. எண்பதைத் தாண்டி வாழ்ந்த ஒரு பாட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமாக வேறு எதை வாசிப்பது?

பன்னிரண்டோடு நிறுத்தியதில் இன்னொன்றும் விட்டுப்போனது. எவ்வளவு காலம் இப்படி, திரும்பி வாரும் என்று கெஞ்சிவிட்டு, காலையிலே உமது கிருபையால் எங்களைத் திருப்தியாக்கும் என்று கேட்கிறது அந்த ஜெபம். கோபத்தை மறைத்துவிட்டால் இந்தக் கெஞ்சல் எதற்கு என்றே விளங்காது.

சங்கீதக்காரர்கள் யாரும் கோபத்தைக் கண்டு ஒளிந்துகொள்ளவில்லை. கோபப்படுகிறவரிடமே போய் நிற்கிறார்கள். இரக்கஞ்செய்ய மறந்துவிட்டாரா என்று 77ஆம் சங்கீதம் நேருக்கு நேர் கேட்கிறது. 88க்குப் பதிலே கிடைக்கவில்லை, இருட்டில்தான் முடிகிறது. 30ஆம் சங்கீதமோ அவருடைய கோபம் ஒரு நிமிஷம், தயவு வாழ்நாள் முழுவதும் என்கிறது. முன்னோரின் துரோகத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் 78ஆம் சங்கீதம், இவர்கள் வெறும் மாம்சம், போனால் திரும்பாத காற்று என்று நினைத்து அவர் பலமுறை கோபத்தை விலக்கினார் என்கிறது. சூரனை வதைத்த முருகனே அவனை மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதெல்லாம் அப்படி ஒன்றும் புதிதில்லை.

சரி, பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதுவதைப் பேசும் 137ஆம் சங்கீதத்தின் கடைசி வரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்க நானும் தயங்குவேன். ஆனால் அது பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களின் ஆத்திரம். அதைத் தேவகோபத்தோடு சேர்த்து எண்ணுவது சரியில்லை.

அப்புறம், கோபம் யார்மேல் என்றும் பார்க்க வேண்டாமா? விதவையையும் பரதேசியையும், அதாவது வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவரையும், கொல்கிறவர்கள்மேல் நீதியைச் சரிக்கட்டும் தேவனைத்தான் 94ஆம் சங்கீதம் கூப்பிடுகிறது. வேலை செய்த காசு கைக்கு வராமல் தங்கும் விடுதியில் காத்திருக்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். அவர் மிரளமாட்டார். ஒருவராவது நமக்காகக் கோபப்படுகிறாரே என்று நிமிர்ந்து உட்காருவார். தூக்கிப்போடச் சொல்வது ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

90ஆம் சங்கீதத்தில் மொத்தமே 17 வசனங்கள். துக்க வீட்டில் கொடுக்கும் பாக்கெட் பானத்தைக் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது. போதகர்களும் வாசிப்பவர்களும் இனிமேல் அதை முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தோ பாயோ