எலியாவுக்கு முதலில் சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வோடு வருகிறவருக்கு நம் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது, "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற வேதவசனம், பிலிப்பியர் 4:6. வேலை போய், வாடகை பாக்கி நின்று, தூக்கமும் கெட்டவரிடம் இதை மட்டும் வாசித்து, ஜெபித்து அனுப்பினால், கவலைப்படுவதே பாவமோ என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

வேதத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. முழுதாக வாசிக்கச் சொல்கிறேன். 1 இராஜாக்கள் 19இல், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும்' என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். தின்றுவிட்டு மறுபடியும் படுத்த எலியாவுக்கு இரண்டாம் முறையும் சாப்பாடுதான். பேச்செல்லாம் அப்புறம், ஓரேப் மலையில். எல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்களும், வாயே திறக்காமல் அவரோடு உட்கார்ந்திருந்த அந்த ஏழு நாள் நன்றாகத்தான் இருந்தார்கள்!

மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். போதகர்கள் எல்லாரும் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். உயிரை மாய்க்கும் எண்ணம் தெரிந்தால், மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு போதகர்களே அவரோடு போகட்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால் போலீஸ் பயமும் வேண்டாம். மருத்துவமனையில் நம் நம்பர் வரும்வரை சங்கீதம் வாசிக்கத் தடையில்லை.

வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்