சாவி அத்தான் கையில் இருக்கட்டும்

டேவிஸ், கலிபோர்னியா
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்குச் சளி குறைந்ததா? போன வாரம் பேசும்போது நெஞ்சில் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றாய். இன்னும் அப்படியே இருந்தால் நாள் கடத்தாமல் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போ. பணத்தைப் பற்றி யோசிக்காதே.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். 'நினைப்பதை அப்படியே பேசும் இயந்திரம்' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "இது உங்க ஊர்ல செஞ்சதாமே? அத்தானுக்குக் கிடைக்குமா? அவர் மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு." அதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போட்டு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை அத்தானுக்கு முழுசாக வாசித்துக் காட்டு. பேச்சுதான் போனது, காது கேட்கிறதே. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் நாம் இருவரும் பேசிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். சாக்ரமெண்டோவில் ஆபீஸ் இருக்கிறது, டேவிஸில் வீடு. நடுவில் சில மைல் நீளத்துக்கு ஒரு பாலம். அதன் கீழே ஆறு ஓடாது, வயல்தான். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள். கோடையில் அங்கேயே நெல் போடுவார்கள். நீ நம்ப மாட்டாய், இங்கே விதைநெல்லை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். இப்போது கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிறது. அரிசி மட்டும் நம் அம்பாசமுத்திரத்து அரிசி மாதிரி இல்லை, வெந்தால் ஒட்டிக்கொள்ளும். வெயில் நம் ஊர் வெயிலேதான். தக்காளி ஏற்றிய லாரிகள் திரும்பும் வளைவுகளில் எல்லாம் பழம் சிதறி நசுங்கிக் கிடக்கிறது. நீ பார்த்தால் பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தி உண்மைதான். டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி சாக்ரமெண்டோவில் இருக்கிறது. அத்தானுக்கு வந்திருக்கும் அதே ஏ.எல்.எஸ். நோய், தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைப்பது, கேசி ஹாரெல் என்பவருக்கும் வந்தது. வயது நாற்பத்தைந்து. பேச்சு குழறி, வீட்டில் இருப்பவர்களுக்கே புரியாத நிலை. 2023 ஜூலையில் அவருடைய மூளையின் மேலடுக்கில், பேச்சுக்கு உத்தரவு போடும் இடத்தில், சின்னச் சின்னத் தகடுகள் நான்கைப் பதித்தார்கள். எல்லாம் சேர்த்து 256 மின்முனைகள். உதடு, நாக்கு, தாடையை அசைக்கச் சொல்லி மூளை அனுப்பும் சமிக்ஞையை அவை பிடிக்கும். தசை கேட்காமல் போனாலும் உத்தரவு போய்க்கொண்டேதான் இருக்கிறது அக்கா. அந்த உத்தரவிலிருந்து எந்த ஒலி என்று கண்டுபிடித்து, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்கி, அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை வைத்துத் தயாரித்த குரலில் கம்ப்யூட்டர் அதைச் சொல்கிறது. நூறு சொல்லுக்குத் தொண்ணூற்றேழு சரியாக வந்தது என்று 2024 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். திரையில் தன் சொற்கள் சரியாக வந்து விழுந்ததைப் பார்த்த முதல் நாள் அவர் அழுதுவிட்டாராம். அதை வாசித்தபோது எனக்கு அத்தான் ஞாபகம்தான்.

இந்த வருஷம் ஜூனில் இன்னொரு படி மேலே போயிருக்கிறார்கள். சொல் முடியும்வரை காத்திராமல், வாயெடுத்த அந்தக் கணமே குரல் வருகிறது. கேள்வியைக் கேள்வி மாதிரியே இழுத்துக் கேட்கலாம், ஒரு சொல்லை அழுத்திச் சொல்லலாம், சின்ன மெட்டைக்கூடப் பாடலாம். கேட்பவர்களுக்கு இப்போதைக்கு ஏறக்குறைய அறுபது சதவீதச் சொற்கள்தான் புரிகின்றன. அப்படியென்றாலும், குறுக்கே புகுந்து "இல்லை, அது இல்லை" என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

இதில் நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி மனசில் ஓடுவதைப் படிக்கவில்லை. ஹாரெல் சொல்ல முயன்றதைத்தான் அது சொல்கிறது. உன் கேள்வியில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. அத்தான் சொல்ல நினைப்பது உனக்குக் கிடைக்க வேண்டும், அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. ஆனால் அவர் மனசில் ஓடுவதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டுமா? வாய் போனதால் மனசைத் திறந்து போட்டாக வேண்டும் என்று ஆகிவிடுமா? உன் மேல் வருத்தம் வந்தால் அதைத் தனக்குள்ளே வைத்துக்கொள்கிற பாக்கியமாவது அவருக்கு இருக்கட்டும் அக்கா. உனக்கும் எனக்கும் அது இருக்கிறதே.

இதை வீண் பயம் என்று நினைக்காதே. போன மாதம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வாயசைக்க முயல்வதுகூடச் சிலருக்குக் களைப்பாக இருக்கிறது, மனசுக்குள் சொல்லிக்கொள்வதையே படிக்க முடியுமா என்று நான்கு பேரை வைத்துப் பார்த்தார்கள். ஓரளவுக்கு முடிந்திருக்கிறது, சிறப்பாக அமைந்த இடத்தில் எழுபத்துநான்கு சதவீதம்வரை. கூடவே இன்னொன்றும் தெரிய வந்தது. திரையில் இருக்கும் வட்டங்களை எண்ணச் சொன்னபோது, அவர்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்ட எண்கள் அந்தச் சமிக்ஞையில் தெரிந்தன. யாரிடமும் சொல்லவேண்டும் என்று அவர்கள் நினைக்காதவை அவை.

அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதோடு விட்டுவிடவில்லை. பூட்டையும் அவர்களே செய்து காட்டினார்கள். வழக்கமாக யாரும் நினைத்துக்கொள்ளாத ஒரு விசித்திரமான வாக்கியத்தை மனசுக்குள் சொன்னால்தான் கருவி கேட்க ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் காது மூடிக் கிடக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தடவைக்கு மேல் அந்த வாக்கியத்தை அது சரியாக அடையாளம் கண்டுகொண்டது. செய்கிறவர்கள் மனசு வைத்தால் இதைச் செய்ய முடியும் என்று தெரிகிறது. நாளைக்கு இதை விற்க வருகிற எவரும் 'முடியாது' என்று கைவிரிக்கக் கூடாது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. அது உன் வீட்டிலேயே நடந்ததை வைத்துச் சொன்னால் உனக்குப் புரியும். வீடியோ காலில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்து வரிசை வரிசையாகச் சொன்னாய். 'ம' வரிசைக்கு அத்தான் கண்ணை மேலே தூக்கினார். பிறகு 'மா'. உடனே நீ "மாத்திரையா? இப்பதானே கொடுத்தேன்" என்றாய். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திரும்ப ஆரம்பித்து 'டி' வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது! நீ மோட்டாரை நிறுத்த ஓடினாய். இந்தக் கருவிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. சமிக்ஞை தெளிவில்லாத இடத்தில், எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்று கணக்குப் போட்டு நிரப்புகின்றன. பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாதபோதும் அது அத்தானின் குரலிலேயே வரும், நாமும் அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் ஒரு சம்மதக் கேள்வி, ஒரு சொத்துக் கையெழுத்து என்று வந்தால் தப்பாக வருகிற அந்த மூன்று சதவீதம் சின்ன விஷயமா? ஹாரெலுக்குக் கருவி திரையில் காட்டியது சரியா தப்பா என்று சொல்ல வழி வைத்திருந்தார்கள். அது இல்லாத கருவியை நான் அத்தான் பக்கத்தில் விட மாட்டேன்.

வீடியோவில் எம்ஆர்ஐ ஸ்கேனை வைத்து மனசைப் படிப்பது பற்றியும் வந்தது அல்லவா? அது டெக்சஸ், ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் 2023இல் செய்தது. மண்டையைத் திறக்க வேண்டாம். ஆனால் பதினாறு மணி நேரம் அந்தக் குழாய்க்குள் படுத்துக் கதை கேட்டவர்களுக்குத்தான் வேலை செய்தது. சொல் சொல்லாக வராது, சாரம் வரும். அந்த ஆள் மனசுக்குள் வேறு கதை சொல்லிக்கொண்டாலோ மிருகங்களின் பெயரை அடுக்கிக்கொண்டாலோ குழம்பிவிடும். இந்த வருஷம் அந்தப் பயிற்சி நேரத்தை ஒரு மணி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 'அவர் ஒத்துழைக்காமல் நடக்காது' என்பது இன்றைக்கு உண்மை. அதை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

நீ டீச்சர், அதனால் இதைச் சொல்கிறேன். 2019இல் சீனாவில் ஜின்ஹுவா என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் நெற்றியில் மூளை அலையை அளக்கும் பட்டை கட்டிக்கொண்டு பாடம் படித்தார்கள். கவனமாக இருந்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். யார் எவ்வளவு கவனித்தார்கள் என்பது டீச்சர் கம்ப்யூட்டருக்குப் போகும், பெற்றோருக்கும் போகும். ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு நிறுத்தினார்கள். உன் வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெற்றியில் விளக்கு எரிவதை நினைத்துப் பார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெளியே ஒட்டும் பட்டைக்குச் சொல் படிக்கத் தெரியாது. தூக்கம், கவனம் மாதிரி மேலோட்டமாக ஏதோ சொல்லும், அதுவும் அரைகுறையாக. அதை வைத்தே ஒரு பிள்ளைக்கு மார்க் போட்டுவிடலாம் என்பதுதான் ஆபத்து.

இங்கே என் நண்பர் ஒருவர் தியானத்துக்கு என்று அந்த மாதிரிப் பட்டை ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் நிபந்தனைகளை வாங்கி வாசித்தேன். சேரும் தகவலை 'சேவையை மேம்படுத்த' மற்றவர்களோடு பகிரலாம் என்று ஒரு வரி இருந்தது. யார் அந்த மற்றவர்கள் என்று எங்கேயும் இல்லை. நான் சோறு தின்பதே தரவு வேலையில்தான். ஒரு காரணத்துக்கென்று சேர்த்த தரவு அந்தக் காரணத்தோடு நிற்பதில்லை என்பதைத் தினமும் பார்க்கிறேன். நல்ல வேளையாக, 2024இல் முதலில் கொலராடோவும் பிறகு எங்கள் கலிபோர்னியாவும் மூளைத் தரவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. சிலி நாடு 2021இல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ஒரு கம்பெனி தன் மூளைத் தரவை வைத்திருப்பதாக முன்னாள் செனட்டர் ஒருவர் வழக்குப் போட, 2023இல் அதை அழிக்கச் சொல்லி அங்கே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் நாடு இதில் பின்தங்கியது என்று நினைத்துவிடாதே. நல்லது கெட்டது இரண்டையும் முன்னாலேயே பார்த்துவிட்டோம். 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில், தலையில் மின்முனைத் தொப்பி மாட்டிய ஒரு பெண் கண்ணை மூடிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். குற்றம் இப்படி நடந்தது என்று வரி வரியாக அவருக்கு வாசித்தார்கள். அவர் வாய் திறக்கவே இல்லை. அவர் மூளை காட்டிய அலையைச் சான்றில் ஒன்றாக எடுத்துக்கொண்டு கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. பின்னால் உயர் நீதிமன்றத்தில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 2010 மே 5ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் இப்படிப்பட்ட சோதனை செய்யக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேசாமல் இருப்பது ஒரு மனுஷனின் உரிமை என்ற அந்தத் தீர்ப்பை ஜெயில் விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. அத்தான் கட்டிலுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இனி உன் கேள்விக்கு நேரான பதில். இப்போது கிடைக்காது. இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான், விலை கொடுத்து வாங்க முடியாது. ஆய்வு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைத்தான் சேர்க்கிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டும், வயர் செருகும் முனை தலைக்கு வெளியே நிற்கும், கிருமி தொற்றலாம். ஹாரெலின் கருவிக்கு ஆங்கிலம்தான் தெரியும். தமிழுக்கு ஒலியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பழக்க வேண்டும். "எங்களிடம் அந்தச் சிகிச்சை இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதே. ஆசையில் இருப்பவர்களைத் தேடி வருவார்கள்.

ஆனால் ஒரு வேலையை இன்றைக்கே செய்யலாம். அத்தானின் பழைய குரல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடு. பெரியண்ணன் மகள் கல்யாண வீடியோவில் மைக் பிடித்துப் பேசினாரே, அது. சங்கக் கூட்டத்துப் பதிவுகள், உன் பழைய போனில் இருக்கும் வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம். கருவி வருகிற காலத்தில் அவர் குரலிலேயே பேச அது தேவைப்படும். பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்து வை. எந்த ஆப்பிலும் ஏற்றாதே, 'இலவசமாகக் குரல் செய்து தருகிறோம்' என்பவர்களிடம் கொடுக்காதே. கண் அசைவைப் பின்தொடர்ந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. தமிழுக்கு எது ஒத்துவரும் என்று நான் விசாரிக்கிறேன். அதுவரைக்கும் அட்டைதான். அவர் முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள், நீ முந்தாதே.

குரலைத் தேடுவதற்கு முன்னால் அவரிடமே கேட்டுவிடு. தன் குரலை எடுத்து வைக்கலாமா, நாளைக்கு இப்படி ஒரு கருவி வந்தால் தனக்கு வேண்டுமா, யாருக்கெல்லாம் அது கேட்கலாம் என்று. வேண்டாம் என்று சொன்னாலும் சரி என்று ஏற்றுக்கொள்வோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். அட்டையோடு உட்காருங்கள். அவர் பதிலை அவரே சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் நான் லைனில் இருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இங்கிருந்து வருகிற ஒருவர் திருநெல்வேலி வந்ததும் உனக்குப் போன் பண்ணுவார்.

அன்புடன்,
உன் தம்பி