இரண்டும் சைக்கிள்தானே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், "சைக்கிளும் சைக்கிளும் மோதினால் இழப்பீடு கேட்க இடமில்லை, பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது" என்று போட்டிருந்தீர்கள். தோளில் தகடு வைத்த நிலையில் அதைப் படிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

31 வருஷம் தபால் பையை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவன் நான். போன ஐப்பசியில் விடியற்காலை பால் வாங்கப் போனபோது, டியூஷனுக்குப் பறந்த பிளஸ் ஒன் மாணவன் ஒருவன், ஒரு கையில் போனோடு ராங் சைடில் வந்து மோதினான். காறை எலும்பு முறிந்தது. செலவு 68,000 ரூபாய். ஸ்டேஷனில் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இரண்டும் சைக்கிள்தானே பெரியவரே!" பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவது பற்றிய 281-ஆம் பிரிவு எந்த வாகனத்தையும் சொல்கிறது, மோட்டார் வண்டியை மட்டுமல்ல என்று என் மகள் எடுத்துக் காட்டிய பிறகுதான் மனு ரசீது வந்தது.

பேசியும் பார்த்தோம். பையனின் அப்பா அரை டஜன் சாத்துக்குடி கொண்டுவந்தார். பேச்சு அதோடு முடிந்தது.

மோட்டார் வண்டி இடித்திருந்தால் விபத்துத் தீர்ப்பாயம் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. சைக்கிள் என்றால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, அவனுடைய அஜாக்கிரதையை நான்தான் நிரூபிக்க வேண்டும் என்றார் வக்கீல். கஷ்டம்தான், ஆனால் இடம் இருக்கிறது, ஐயா. மைனர் பையன் பைக் ஓட்டிச் சிக்கினால், 2019 திருத்தப்படி அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். அதே பையன் சைக்கிளில் ஆளை முறித்தால், பெற்ற ஒரே காரணத்துக்காக அப்பா பொறுப்பாக மாட்டாராம். பையனுக்கு இருக்கும் சொத்து அரசு கொடுத்த இலவச சைக்கிள். அதையா ஜப்தி செய்வது?

என் சைக்கிளில் விளக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் பங்குத் தப்புக்கு நஷ்டஈட்டில் கொஞ்சம் கழிப்பார்களாம். கழிக்கட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். வருஷா வருஷம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டினோம். அன்றைக்கு சைக்கிளும் ஒரு வண்டி! இன்றைக்கு 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் மின்சார வண்டிகூட மோட்டார் வாகனம் இல்லையாம். பதிவும் வேண்டாம், இன்ஷூரன்சும் வேண்டாம். அதில் அடிபட்டவர்களும் சாத்துக்குடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டு ரோட்டுக் குழி பற்றி முன்பு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் தாங்கள் போடவில்லை. அதை விடுங்கள்.

இப்போது கேட்பது இரண்டே வரி. சிவில் வழக்குப் போடலாம். அதற்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, கோர்ட் கட்டணமில்லாமல் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், பேசலாம். இதை அடுத்த ஞாயிறு அதே இடத்தில் போடுங்கள். தங்கள் பத்திரிகையை எங்கள் தெருவில் வீசிவிட்டுப் போகும் பையனும் இருட்டில், விளக்கில்லாத சைக்கிளில்தான் வருகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
திருவாரூர் மாவட்டம்.