மீன்பிடிப் போட்டின்னா தமாஷ் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல மீன்பிடி உலக சாம்பியன்ஷிப் பத்தி ஒரு துண்டு செய்தி வந்துச்சு. தலைப்பே கிண்டல், உள்ள போனா யாரு பெரிய மீனு பிடிச்சாங்கன்னு ஒரே ஒரு வரி. பெரிய மீனுக்குன்னு அங்க தனி பாயிண்டே கிடையாது சார், அதச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

1957-லேர்ந்து நடக்குற போட்டி இது. நாட்டுக்கு அஞ்சு பேரு, கரைய அஞ்சு செக்டாரா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள உக்கார வைப்பாங்க, யாருக்கு எந்த இடம்ங்கறது குலுக்கல்ல வர்றது. ரெண்டு நாளு, நாளைக்கு நாலு மணி நேரம். முடிஞ்சதும் மொத்த எடைய போட்டு, மீன உயிரோட தண்ணில விட்டுட்டு, அந்த செக்டார்ல முதல்ல வந்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2ன்னு நம்பர் குடுப்பாங்க. அஞ்சு பேரு நம்பரையும் கூட்டி எந்த டீமுக்கு கம்மியோ அது தான் ஃபர்ஸ்ட்.

இங்க தான் விஷயமே இருக்கு. ஒரு டீம்ல நாலு பேரு அவங்கவங்க செக்டார்ல முதலிடம், அஞ்சாவது ஆளு மட்டும் சொதப்பி 25-வது இடம்னு வைங்க, மொத்தம் 29. இன்னொரு டீம்ல ஒருத்தர் கூட ஜெயிக்கல, அஞ்சு பேருமே அஞ்சாவது இடம், மொத்தம் 25. அன்னிக்கு ரெண்டாவது டீம் தான் மேல! கிரிக்கெட்ல ஒருத்தர் செஞ்சுரி அடிச்சு மத்தவங்க சொதப்புனதையும் மறைச்சிடலாம், இங்க அந்த பேச்சுக்கே இடமில்ல.

இங்கிலாந்தயே எடுத்துக்கங்க. பில்லி லேன் 1963, ராபின் ஹாரிஸ் 1969, இயன் ஹீப்ஸ் 1975னு தனிநபர் உலக சாம்பியனுங்க வந்துட்டாங்க, ஆனா டீமா முதல் தடவ ஜெயிச்சது 1985-ல தான், இத்தாலில ஃபுளோரன்ஸ் பக்கம் ஆர்னோ ஆத்துல. அதுக்கப்புறம் பாப் நட் நாலு தடவ, ஆலன் ஸ்காட்தார்ன் அஞ்சு தடவ தனிநபர் பட்டம் வாங்குனாங்க, அதெல்லாம் தனிக்கதை.

அதனால நேர்ல பாக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது, ஸ்டார் ஆளு பின்னாடி கூட்டத்தோட போய் நிக்காதீங்க, மோசமான இடம் விழுந்தவர் பின்னாடி போய் நில்லுங்க. தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் தீனி உருண்டைய பந்து மாதிரி ஒரே இடத்துல வீசுவாங்க, அது வேடிக்கையா தான் இருக்கும், ஆனா உண்மையான ஆட்டம் ஒரு மணி நேரம் கழிச்சு தான், மீனு வராம தக்கை அசையாம நிக்கும்போது. பெரும்பாலும் ரீல் இல்லாத, 13 மீட்டர் வரைக்கும் நீளமான கார்பன் கம்பு தான், ஒவ்வொரு தடவையும் அத பின்னாடி தள்ளித் தள்ளி கழட்டி தான் மீன கைக்கு கொண்டு வரணும். பிரீம்ங்கற பெரிய மீனு, ரெண்டு கிலோல ஒண்ணு வரும்னு காத்திருக்கறதா, இல்ல பத்து கிராம் பொடி மீனா 200 பிடிக்கறதா? எடை ரெண்டும் ஒண்ணு தான். பெரிசு வரலன்னா அம்போ, பொடிசுன்னா நாலு மணி நேரமும் கை ஓயாது. பக்கத்து செக்டார்ல என்ன ஓடுதுன்னு கோச்சுங்க அங்கயும் இங்கயும் ஓடிட்டே இருப்பாங்க, அவங்க முகத்த பாத்தாலே ஸ்கோர் தெரிஞ்சிடும் (பாவம், மீன் பிடிக்கறவர விட அவங்களுக்குத் தான் டென்ஷன் ஜாஸ்தி). கடைசி நேரத்துல வர்ற உள்ளங்கை அளவு ஒரே ஒரு மீனு, ரெண்டு மூணு இடம் மேல ஏத்தி விட்டுடும், மெடலே அதுல மாறலாம்.

அடுத்த தடவ போடும்போது பெரிய மீன் ஃபோட்டோ வேணும்னா போட்டுக்கங்க, கூடவே அஞ்சு செக்டார்லயும் யாரு எத்தனாவதுன்னு ஒரு சின்ன டேபிள் போடுங்க சார், அஞ்சே வரி தான் ஆகும்.

இப்படிக்கு,
உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்த முதல்ல திருப்புற ஒரு வாசகர்