கதைசொல்லியைக் கொஞ்சம் உட்காரச் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய நாடகப் பிரதியை முழுக்கப் படித்துவிட்டேன். குழந்தைகளின் படக்கதை ஒன்றை மேடைக்குக் கொண்டுவர நீ துணிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். குழந்தைகள் நாடகம் என்றால் முகமூடி, கத்தல், கடைசியில் ஒரு நீதி என்று ஒப்பேற்றுகிறவர்கள் பலர். நீ அப்படி இல்லை, புத்தகத்தை மதிக்கிறாய். ஆனால் அந்த மரியாதையே இந்தப் பிரதியில் உன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது என்று மேடையோரத்தில் ஒரு கதைசொல்லியை நிறுத்தி, எல்லா வரிகளையும் அவர் வாயில் கொடுத்திருக்கிறாய். "குட்டி யானைக்கு இருட்டென்றால் பயம்" என்று அவர் சொல்கிறார். உடனே குட்டி யானையாக நடிப்பவர் நடுங்குகிறார். சொன்னதையே செய்து காட்டினால் பார்க்கிற குழந்தை கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

இப்படிச் செய்து பாரேன். கதைசொல்லி வாயைத் திறக்கவில்லை. யானை விளக்கை அணைக்கப் போகிறது. தும்பிக்கையை நீட்டுகிறது, பாதியில் நிறுத்துகிறது. ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பி வந்து போர்வையைச் சரிசெய்கிறது. மறுபடி விளக்கிடம் போகிறது. இப்போது தாகம் வந்துவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறை கிளம்பும்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "அதுக்குப் பயம்!" கதைசொல்லியிடமிருந்து நீ எடுத்த வரியை ஒரு குழந்தை சொல்லிவிட்டது. இனி அந்த யானை அந்தக் குழந்தையின் சொந்த யானை.

படக்கதையில் வார்த்தை சொல்வது ஒன்று, படம் காட்டுவது வேறொன்று என்று பல சமயம் இருக்கும். 1968இல் வந்த பாட் ஹட்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. மொத்தப் புத்தகமும் ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் படங்களில் ஒரு நரி அதைத் துரத்திக்கொண்டே வந்து ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொள்கிறது. அந்த நரியைப் பற்றி வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. கோழிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறது, அதுதான் அந்தப் புத்தகத்தின் சுகமே. இதை மேடையேற்றும் ஒருவர் "பின்னால் ஒரு நரி வந்தது" என்று கதைசொல்லியை விட்டுச் சொல்ல வைத்தால் எல்லாம் போச்சு. உன் புத்தகத்திலும் வார்த்தையில் வராமல் படத்தில் மட்டும் ஓடும் விஷயங்கள் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும் அந்தப் பூனையைப் பார்த்தாயா? உன் பிரதியில் பூனையே இல்லை!

வார்த்தைகளை விட்டுக்கொடுத்தால் புத்தகம் போய்விடுமே என்ற பயம் உனக்கு இருக்கும். மைக்கேல் மோர்பர்கோவின் 'வார் ஹார்ஸ்' நாவலில் குதிரைதான் தன் கதையைச் சொல்கிறது. 2007இல் லண்டன் நேஷனல் தியேட்டர் அதை நாடகமாக்கியபோது அந்தக் குதிரையின் பேச்சை அப்படியே எடுத்துவிட்டார்கள். நாவலின் குரலையே எடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல், யோசித்துப் பார். அதற்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு நிஜக் குதிரையின் அளவில் ஒரு பொம்மை செய்தது. அதை மூன்று பேர் இயக்குகிறார்கள். தலையை ஒருவர் வெளியே நின்று இயக்க, மற்ற இருவர் உடலுக்குள் இருக்கிறார்கள். மூன்று பேரும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள், எதையும் மறைப்பதில்லை. குதிரை மூச்சு விடுகிறது, காதைத் திருப்புகிறது. அவ்வளவு போதும், அது என்ன நினைக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

அதற்காகக் கதைசொல்லியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுமார் 700 சொற்களே உள்ள 'தி கிரஃபலோ' படக்கதையை டால் ஸ்டோரீஸ் குழு 2001இல் மேடையேற்றி, கிட்டத்தட்ட ஒரு மணி நேர நாடகமாக்கியது. அதில் கதைசொல்லி உண்டு. ஆனால் அவர் ஓரமாக நின்று ஒப்பிப்பவர் இல்லை, அவரே பின்னால் கிரஃபலோ என்ற அந்தக் கதையின் பூதமாகவும் வருகிறார். உன் கதைசொல்லிக்கும் இப்படி ஒரு வேலை கொடு. ஏன், அந்தப் பூனையாகவே அவர் வரட்டுமே.

திரும்பத் திரும்ப வரும் வரிகளை மட்டும் தொடாதே. "இன்னும் கொஞ்சம் வெளிச்சம், இன்னும் கொஞ்சம் நேரம்" என்ற வரி புத்தகத்தில் வருகிறதே, அதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் குழந்தைகள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். நடிகர் பாதி சொல்லி நிறுத்தினால் மீதியை அவர்கள் முடிப்பார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கவும் நடிகர்களைப் பழக்கு. பிரதியிலேயே அதற்கு இடம் விட்டு எழுது.

அப்புறம், உரிமை. எழுத்தாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது போதாது, எழுத்தில் வாங்கு. நாடகமாக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிப்பகத்தாரிடமும் கேள். ஓவியரின் உரிமை தனி. அவர் வரைந்த யானையைப் போலவே உடையும் பொம்மையும் செய்வதானால் அவருடைய சம்மதமும் வேண்டும். ஒத்திகை தொடங்கும் முன்பே இதை முடித்துவிடு.

கடைசிக் காட்சியில் அரங்கை முழு இருட்டாக்கச் சொல்லியிருக்கிறாய். சின்னக் குழந்தைகள் அழுவார்கள். யானைக்கு வந்த பயம் அவர்களுக்கும் வரட்டும், ஆனால் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகம் தெரியும் அளவுக்காவது வெளிச்சம் இருக்கட்டும்.

அடுத்த ஒத்திகையில் கதைசொல்லியாக நடிப்பவரைப் பார்வையாளர் இடத்தில் உட்கார வைத்து, இரண்டாம் காட்சியை அவருடைய வரிகள் இல்லாமல் ஓட்டிப் பார். எங்கெங்கே கதை புரியவில்லை என்று அவரே குறித்துத் தரட்டும். முதலில் நடிப்பிலும் ஒளியிலும் அதைச் சரிசெய்யப் பார். முடியாத இடங்களில் மட்டும் வரியைத் திருப்பிக் கொடு. அந்தக் குறிப்புகளை எனக்கும் அனுப்பு, பூனைக் காட்சியைச் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா